தங்கையை மூன்றாம் குழுவில் போட்டிருக்கிறார்கள்: இந்த மட்டக்கணிப்புப் பரீட்சையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தலவாக்கலை அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழ் மொழிமூலம் தோற்றி, இவ்வருடம் ஒரு விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் டிவிஷனிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான் என்பதால், அவளை பஸ் ஏற்றிவிட அன்று லயத்தில் பாதிப் பேர் வந்து நின்றார்கள்.

பீடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆங்கில மட்டக்கணிப்புப் பரீட்சை ஒன்று நடந்திருக்கிறது. பிளேஸ்மன்ட் டெஸ்ட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இலக்கணமும் வாசிப்பும் சேர்ந்த ஐம்பது பல்தேர்வு வினாக்கள், ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பதினைந்து வினாக்கள், கடைசியாக ஒரு சிறு கட்டுரை. ஒலிப்பதிவில் விமான நிலையத்தில் ஒரு பயணியும் அங்குள்ள ஊழியரும் பேசிக்கொள்கிறார்கள். பொதியின் நிறை, ஜன்னலோர இருக்கை, போர்டிங் பாஸ் என்று பேச்சு ஓடியதாகத் தங்கை சொன்னாள். தோட்டத்துக்கு மேலே பறந்து போகும்போது அண்ணாந்து பார்த்ததைத் தவிர விமானத்தோடு எங்களுக்கு வேறு சம்பந்தமில்லை. போர்டிங் பாஸ் என்றால் விடுதியில் தங்குவதற்குக் கொடுக்கும் அனுமதிச்சீட்டு என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த நான்கு வினாக்களுக்கும் அந்தப் பொருளிலேயே விடை எழுதியிருக்கிறாள்.

மூன்று நாளில் சுட்டெண்ணோடு புள்ளியும் போட்டு, குழு வாரியாகப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அவளுக்கு 38 புள்ளி. இரண்டாம் குழு 41இல் தொடங்குகிறது. ஆகவே மூன்றாம் குழு, அதாவது ஆகக் கீழே இருப்பது. அந்தக் குழுவுக்கு வாரம் ஆறு மணித்தியாலம் பரிகார வகுப்பு உண்டு. அதற்குக் கிரெடிட் எதுவும் இல்லை என்பதோடு, அதில் ஒரு வகுப்பு இரசாயனவியல் விளக்க வகுப்பின் நேரத்திலேயே வருகிறது. இரவு தொலைபேசியில் அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மா, "பெயிலா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொன்னேன், ஆனால் என்ன என்று விளக்க எனக்கும் வாய் வரவில்லை.

மறுபடி பரீட்சை எழுத விண்ணப்பிப்பதில் பயன் உண்டா, அல்லது அது விரிவுரையாளர்களிடம் கெட்ட பெயரை வாங்கிக் கொடுக்குமா? இந்த வகுப்பில் இருந்த விபரம் பட்டச் சான்றிதழோடு வரும் பெறுபேற்று ஆவணத்தில் பதியப்படுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வகுப்புகளால் உண்மையில் யாராவது மேலே வந்திருக்கிறார்களா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதவும்.

கம்பளை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலப் போதனாசிரியராக இருந்து, நீங்கள் சொல்லும் வகையான வினாத்தாள்களை நானே தயாரித்திருக்கிறேன். எனவே சமையலறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், 41 என்ற அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? இத்தனை புள்ளி எடுத்தவருக்கு இன்னது தெரியும் என்று ஆராய்ந்து எல்லை போட்ட வருடங்களை விட, எத்தனை போதனாசிரியர்கள் இருக்கிறார்கள், எத்தனை அறைகள் கிடைக்கும், ஓர் அறையில் எத்தனை கதிரை போடலாம் என்று பார்த்துப் பட்டியலை மூன்றாக வெட்டிய வருடங்களே என் அனுபவத்தில் அதிகம். உங்கள் தங்கையின் பீடத்தில் எப்படி என்று நான் சொல்ல முடியாது, ஆனால் எல்லை ஒரு முழு எண்ணில் நிற்பதைக் கண்டு அதற்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, கணக்கு. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் ஐம்பது வினாக்களுக்கு, வினாத்தாளைப் படிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு குறியிடும் ஒருவருக்குச் சராசரியாகப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று சரியாக வந்துவிடும். பாதி வினாக்களைச் சரியாகச் செய்யக்கூடிய ஒரு மாணவி, அதே மட்டத்திலான வேறொரு வினாத்தாளை அடுத்த நாள் எழுதினால், எதையும் புதிதாகக் கற்காமலும் எதையும் மறக்காமலும் மூன்று நான்கு புள்ளி கூடவோ குறையவோ எடுப்பது வெகு சாதாரணம். 38க்கும் 41க்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். எல்லைக்கு அருகில் நிற்பவர்களைப் பற்றி இந்தப் பரீட்சைக்கு அநேகமாக எதுவும் தெரியாது. பட்டியலின் உச்சியில் இருப்பவரையும் அடியில் இருப்பவரையும் பிரித்துக் காட்டுவதற்கு மட்டுமே அதற்குச் சக்தி உண்டு.

விமான நிலைய ஒலிப்பதிவைப் பற்றி: இது பழைய வியாதி. வெளிநாட்டுப் பாடநூலோடு வரும் ஒலிப்பதிவை அப்படியே எடுத்துப் போட்டால், மொழியறிவை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு விமானத்தில் ஏறியவர் யார் என்பதை அளந்துவிடுவோம். ஒரு வருடம் நான் அதை மாற்றி, பஸ் நிலையத்தில் நேரசூசி கேட்கும் உரையாடல் ஒன்றை இரு சக ஊழியர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். பின்னால் காகம் கரைவது கேட்டது என்று சிலர் சிரித்தார்கள். கேட்டால் என்ன, நம் பஸ் நிலையத்தில் காகம் இல்லையா?

நீங்கள் செய்ய வேண்டியது மறுபரீட்சைக்கு விண்ணப்பிப்பது அல்ல. அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் அதிகாரிகள் விதியைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். முதலிரண்டு வாரங்களுக்குள் தங்கையின் போதனாசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுவார். அதைக் கவனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் தனியே சந்தித்து, "மிஸ், பரீட்சையில் எந்தப் பகுதியில் எனக்குப் புள்ளி குறைந்தது என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். குழு மாற்றம் பற்றி வாயே திறக்க வேண்டாம். இரண்டாவது வாரத்துக்குள் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்று போதனாசிரியருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தவர் தானாகவே அந்தப் பேச்சை எடுப்பார். இரசாயனவியல் நேரம் மோதுவதை மட்டும் மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது நிருவாகத்தின் பிழை. பரிகார வகுப்பு பெறுபேற்று ஆவணத்தில் வருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும் என்பதால், மாணவர் கைநூலைப் பார்த்துவிட்டுப் பேசுவதே நல்லது.

கொட்டகலை வாசகர் எழுதியது:

எல்லோரும் பரீட்சையைக் குறை சொல்கிறீர்கள். மாவட்ட ஒதுக்கீட்டில் குறைந்த வெட்டுப்புள்ளியோடு போகும் பிள்ளைகளுக்குப் பரிகார வகுப்பு வைக்காமல் வேறென்ன செய்வது? கொடுக்கும் உதவியை அவமானம் என்று நினைத்தால் முன்னேற முடியாது. பேசாமல் போய் இருந்து படிக்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளைக்காரன் (தற்போது கலிபோர்னியா) எழுதியது:

நான் இங்கே ஒரு சமூகக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த விடயத்தில் இந்நாடு சூடுபட்டுக் கற்ற பாடங்கள் சில இருப்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளில் நுழைவுப் பரீட்சை கிடையாது. யாரும் சேரலாம். ஆனால் சேர்ந்தவுடன் கணினியில் ஒரு மட்டக்கணிப்புப் பரீட்சை வைத்து, புள்ளி குறைந்தவர்களைக் கிரெடிட் இல்லாத பரிகாரப் பாடங்களில் போடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. கணிதத்தில் அப்படி மூன்று படிகள் கீழே போடப்பட்ட ஒருவர், ஒன்றரை வருடம் பழைய பின்னத்தையும் சமன்பாட்டையும் படித்து முடித்த பிறகுதான் முதலாவது பல்கலைக்கழகப் பாடத்தைத் தொடுவார். தொடுவார் என்பது பேச்சுக்குத்தான், பெரும்பாலானோர் அதற்குள் களைத்து விலகிவிடுவார்கள். ஒரு படியில் சித்தியடைந்து அடுத்த படிக்குப் பதியாமலே போனவர்களும் நிறையப் பேர்.

2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகக் கல்லூரி ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வுகள், இந்தப் பரீட்சைகளால் கணிதத்தில் சுமார் நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் சுமார் மூன்றில் ஒருவரும் கடுமையாகப் பிழையான இடத்தில் போடப்படுகிறார்கள் என்று காட்டின. பாடசாலையில் பல வருடமாகப் பெற்ற புள்ளிகளின் சராசரி, அந்த ஒரு மணி நேரப் பரீட்சையை விட நன்றாக எதிர்காலத்தைச் சொன்னது. பரவலாகப் பயன்பட்டுவந்த கொம்பஸ் என்ற பரீட்சையை அதை நடத்திய நிறுவனமே 2016இல் கைவிட்டது. அடுத்த வருடம் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: பல்கலைக்கழக மட்டப் பாடத்தில் ஒரு மாணவர் சித்தியடைவது மிகவும் சாத்தியமற்றது என்று காட்ட முடிந்தாலன்றி அவரைப் பரிகாரப் பாடத்தில் போட முடியாது.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பரிகார அட்சரகணிதம் தேவை என்று கணிக்கப்பட்ட மாணவர்களை எழுந்தமானமாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வழமைபோலப் பரிகார வகுப்பிலும், இன்னொரு பகுதியினரை நேரடியாகப் பல்கலைக்கழக மட்டப் புள்ளிவிபரவியலிலும் சேர்த்து, பின்னவர்களுக்கு வாராந்தம் ஒரு துணை வகுப்பும் கொடுத்தார்கள். பரிகார வகுப்பில் சித்தியடைந்தவர்கள் சுமார் 39 வீதம். கடினமான பாடத்தில் துணையோடு சித்தியடைந்தவர்கள் சுமார் 56 வீதம்.

இதை வைத்து நம் நாட்டிலும் பரிகார வகுப்பை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்குள்ள மாணவரில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் பிறந்ததிலிருந்து காதில் விழுந்த மொழி. தங்கைக்கோ பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, ஒரே வாரத்தில் விரிவுரையே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பாலம் வேண்டும். ஆனால் பாலம் பாடத்தோடு சேர்ந்து ஓட வேண்டும், பாடத்தின் நேரத்தைத் தின்னக் கூடாது. இரசாயனவியல் விளக்க வகுப்பை விட்டுவிட்டு விமான நிலையத்தில் பொதி நிறுக்கும் உரையாடலைப் படிப்பதால் அவளுக்கு நட்டம் மட்டுமே வரும். வாரம் ஆறு மணித்தியாலத்தில் இரண்டையாவது அந்த வார இரசாயனவியல் குறிப்பையே வாசிப்பதற்குக் கொடுத்தால் நிலைமை வேறு.

மூன்றாம் குழுவின் பழைய மாணவர் எழுதியது:

முதலில் கொட்டகலை வாசகருக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு என்று பிரிக்கப்படுவதும், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தெரிவைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மூன்று பிரதான பாடங்களிலிருந்து கணிக்கப்படுவது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது, அதன் பெறுபேறு இசட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் கொழும்பிலிருந்து திறமை அடிப்படையில் வந்த பிள்ளையும் ஆங்கிலத்தில் மூன்றாம் குழுவில் இருக்கலாம். என்னோடு இருந்தார்கள். ஒதுக்கீட்டையும் ஆங்கிலத்தையும் ஒரே முடிச்சாகப் போடுவதால்தான் நம் பிள்ளைகள் பட்டியலின் முன்னே தலைகுனிந்து நிற்கிறார்கள்.

மற்றபடி, பேசாமல் போய் இருந்து படி என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஏனென்றால் நான் போகவில்லை. வெட்கம். வகுப்பு நடக்கும் அறை சிற்றுண்டிச்சாலைக்கு எதிரே இருந்தது, உள்ளே நுழைவதை எல்லோரும் பார்ப்பார்கள். கிரெடிட் இல்லாத வகுப்புக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சீனியர்களின் செய்முறை அறிக்கைகளைப் பார்த்து எழுதி முதல் அரையாண்டை ஓட்டிவிட்டேன்.

அரையாண்டுப் பரீட்சையில் தாவரவியல் வினா ஒன்று. வறண்ட இடத்துத் தாவரங்களில் இலைவாய்கள் இலையின் அடிப்புறத்தில் குழிந்து அமைந்திருப்பதை "அக்கவுண்ட் ஃபோர்" என்று இருந்தது. அக்கவுண்ட் என்றால் கணக்கு. ஆகவே கணக்குத்தான் கேட்கிறார்கள் என்று முடிவு செய்து, ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை இலைவாய்கள் இருக்கும், மேற்புறத்தில் எத்தனை, அடிப்புறத்தில் எத்தனை என்று ஒரு பக்கம் நிறைய எண்களாக எழுதிவைத்தேன். காரணம் கூறுக என்பதே அதன் பொருள். நீராவியிழப்பைக் குறைப்பதற்காக என்று தமிழில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். அந்தப் பாடத்தை மறுமுறை எழுத வேண்டி வந்தது.

அடுத்த அரையாண்டில் நானாகவே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த போதனாசிரியை பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கடந்த கால வினாத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, வினாவின் ஏவற் சொற்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுத வைத்தார். விபரி, விளக்கு, வேறுபடுத்து, காரணம் கூறு என்று நாம் தமிழில் பழகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. இருபத்தைந்து சொற்கூடத் தேறாது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன், பத்தாம் ஆண்டிலிருந்தே பிள்ளைகளுக்கு அதை எழுதிக் கொடுக்கிறேன்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். அதற்கு முன் ஒரே கொட்டகைக்குள் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த இடங்கள் அவை. அங்கிருந்து தூரம் வந்திருக்கிறோம், ஆனால் நான் கற்பிக்கும் இடத்தில் சென்ற வருடம் ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போன பின் ஏழு மாதம் அந்தக் கதிரை வெறுமையாகவே இருந்தது. மட்டக்கணிப்புப் பரீட்சை அளப்பதில் அந்த ஏழு மாதமும் அடங்கும். தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்.

கொட்டகலை வாசகர் எழுதியது:

இசட் புள்ளி பற்றி நீங்கள் சொன்னது சரி. பொது ஆங்கிலமும் அதில் சேரும் என்று நினைத்திருந்தேன். இருபத்தைந்து சொற்களையும் இங்கே பதிவிட முடியுமா? எனக்கும் உயர்தரத்தில் ஒரு மகன் இருக்கிறான்.

தலவாக்கலை அண்ணன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். தங்கை விடுமுறையில் வந்து போன பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

கம்பளை ஐயா சொன்னபடியே போதனாசிரியரைக் கேட்டிருக்கிறாள். அவர் விடைத்தாளையே எடுத்துக் காட்டினாராம். இலக்கணத்திலும் வாசிப்பிலும் இரண்டாம் குழுவின் நடுவில் நிற்கக்கூடிய புள்ளி, கட்டுரை சுமார், செவிமடுத்தலில் பதினைந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் விமான நிலையப் பேச்சு தொடங்குவதற்கு முன் பெயரும் நேரமும் கேட்ட வினாக்கள். ஆளை ஒட்டுமொத்தமாகக் கீழே போட்டது அந்த ஒரு பகுதிதான் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததாம். ஒலிப்பதிவு என்று ஒன்றை அவள் பரீட்சையில் கேட்டது அதுவே முதல் தடவை. பாடசாலையில் ஆங்கிலம் என்றால் கரும்பலகைதான்.

இப்போது அவள் இரண்டாம் குழுவில் இருக்கிறாள். ஆனால் வியாழக்கிழமை மூன்றாம் குழுவுக்கு நடக்கும் செவிமடுத்தல் வகுப்புக்கு மட்டும் போகிறாள், போதனாசிரியர் போகச் சொன்னார் என்பதோடு அவளுக்கே அது பிடித்தும் இருக்கிறது. இரண்டாம் குழுவின் நேரம் இரசாயனவியலோடு மோதவில்லை. மூன்றாம் குழுவின் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த மோதல் இன்னும் தீரவில்லை. ஐயா சொன்னதுபோல எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தங்கையும் வேறு எட்டுப் பேரும் கையொப்பமிட்டு மாணவ ஆலோசகரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.

வீட்டில் அம்மாவிடம், வகுப்பை மாற்றிவிட்டார்கள், இப்போது இரண்டாவது வகுப்பு என்று சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணாவது வகுப்புல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.